உட்கார்ந்தவர்கள்

மழை பிடித்துக்கொண்டால் ஊரில் மனுசனுக்குச் சளி பிடிக்கும், மோட்டாருக்குத் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கே தண்ணீர் ஆகாது என்பது என்ன தலைவிதியோ! உள்ளே கொஞ்சம் ஈரம் போய்விட்டால் போதும், புகைந்து, கருகி, நாற்றமெடுத்து, கம்பி சுற்றித் தருகிற வைண்டிங்காரர் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. மாவு மில் மோட்டார், லாட்ஜ் மோட்டார், யாரோ ஒரு டாக்டர் வீட்டு மோட்டார் என்று வரிசையாக வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடந்தன.

வைண்டிங்காரர் வீட்டில் இல்லை. முடித்த மோட்டார் ஒன்றைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கொடுக்கப் போயிருந்தார். அவர் மனைவி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து இன்சுலேஷன் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தாள். மோட்டாருக்குள் இருக்கிற ஒவ்வொரு பள்ளத்துக்கும் பேப்பரை மடித்துச் சொருகிய பிறகுதான் செம்புக் கம்பியை உள்ளே இறக்க வேண்டும். பேப்பர் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் கம்பி இரும்பில் பட்டு, போட்ட வேலை எல்லாம் போச்சு. கல்யாணமாகி வந்த புதிதில் கற்றுக்கொண்டது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் இந்த மோட்டார்களும்தான்.

வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் நெட்டை, வயது எழுபதைத் தொட்டிருக்கும். இன்னொருவர் குட்டை, தலைக்கு மை பூசியிருந்தார், மழையில் அது காதோரம் இறங்கியிருந்தது.

"பூட்டு அண்ணன் வீடு இதுதானே?" என்றார் நெட்டை.

அவளுக்குச் சுருக்கென்றது. பூட்டு என்ற அந்தப் பேரைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! ஊரின் கால்பந்து டீமில் அவள் புருசன் நடுவில் ஆடிய காலத்தில் மைதானத்தின் கிழக்குப் படிக்கட்டில் நின்று ஆட்டம் பார்க்கிறவர்கள் வைத்த பேர் அது. கோல் போடுகிறவர்களுக்கெல்லாம் புலி, மின்னல் என்று பேர் வைத்தவர்கள் இவருக்கு மட்டும் பூட்டு என்று வைத்தார்கள். அவளுக்கு அந்தப் பேரும் பிடிக்காது, வைத்தவர்களையும் பிடிக்காது.

"அவர் இல்ல. என்ன மோட்டார்?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"மோட்டார் இல்ல அண்ணி. நான் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவன். இவன் ஸ்டேஷன் பக்கத்துல சலூன் வெச்சிருக்கான். அண்ணன் ஆடுன காலத்துல ஒரு மேட்ச்கூட விட்டதில்ல. அந்தக் கிழக்குப் படிக்கட்ட இடிக்கப் போறாங்க அண்ணி. அதுக்கு முன்னாடி பழைய ஆளுங்க எல்லாரும் ஒரு தடவ கூடலாம்னு இருக்கோம். அண்ணன் வந்து நடுவுல இருக்கணும். அவ்வளவுதான்."

வயதில் மூத்தவர் கண்டக்டர்தான். ஆனாலும் அண்ணன் என்றார், தன்னைவிடச் சின்னவளை அண்ணி என்றார். வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறவர்களைப் போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. டாக்டர் வீட்டு மோட்டாரைக் காலால் தள்ளிவிட்டு, "உள்ள வாங்க" என்றாள். டீ போடப் போனாள். நல்ல டீ போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். ஆனால் கை பழக்கத்தில் நல்ல டீயாகவே போட்டுவிட்டது.

டீயைக் குடித்ததும் சலூன்காரர் ஆரம்பித்துவிட்டார். வாய்க்குத் தாழ்ப்பாளே இல்லாத மனுசன்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆட்டக்காரன் இனிமே பொறந்துதான் வரணும். பேப்பர்ல ஒரு நாள் அவர் பேர் வந்திருக்குமா? வராது. கோல் போட்டாத்தானே வரும். சுருட்டைமுடி ஒருத்தன் ஓரத்துல ஓடுவானே, அவனுக்குத்தான் மாலை மரியாதை எல்லாம். அவன் கால்ல பந்து போனா எங்களுக்கு வயித்துல புளியக் கரைக்கும். ஒண்ணு கோல் போடுவான், இல்லன்னா பறிகொடுத்துட்டு நிப்பான். உங்க வீட்டுக்காரர் அப்படியா? பந்து அவர் கால்ல போச்சுன்னா லாக்கர்ல போன மாதிரி."

"கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். இத்தனை வருசக் கோபம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "அப்ப எதுக்கு அவர் கால்ல பந்து வந்தா எல்லாரும் உக்காந்தீங்க? சுருட்டைமுடி பந்தை எடுத்தா மட்டும் எழுந்து நின்னு கத்துவீங்களே. இவர் எடுத்தா மொத்தப் படிக்கட்டும் பொத்துன்னு உக்காந்துடும். நானே பாத்திருக்கேன். மனுசன் ஆடுறது பாக்கப் பிடிக்கலன்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்டக்டர் கிளாசைக் கீழே வைத்தார்.

"அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க? அத ஆரம்பிச்சவனே நான்தான்."

"ரொம்பப் பெருமை!"

"கேளுங்க அண்ணி. கிழக்குப் படிக்கட்டுல வர்றவன் எல்லாம் யாரு? நான் நாள் முழுக்க பஸ்ஸுல நின்னுட்டு வர்றவன். இவன் சலூன்ல நின்னே முடி வெட்டுறவன். மில்லுக்காரனுங்க, கடையில சாமான் கட்டுறவனுங்க, எல்லாம் நின்னு பிழைக்கிற ஜாதி. அங்க வந்தும் நிக்கத்தான் வேணும். முன்னால இருக்கிறவன் நின்னா பின்னால இருக்கிறவன் உக்கார முடியாதுல்ல? கால் விட்டுப் போகும். ஆனா மனசு உக்கார விடாது, எந்த நேரத்துல எவன் பறிகொடுப்பானோன்னு. ஒரு நாள் அண்ணன் பந்த வாங்கினாரு. என்னையறியாம 'அப்பாடா, இனி பயமில்ல'ன்னு உக்காந்துட்டேன். பக்கத்துல இருந்தவனும் உக்காந்தான். அப்புறம் அதுவே வழக்கமாப் போச்சு. வேற எவனுக்கும் நாங்க உக்காந்ததில்ல அண்ணி. அந்த ஆட்டம் முழுக்க எங்களுக்குக் கிடைக்கிற ரெஸ்ட்டே அவர் கால்ல பந்து இருக்கிற நேரம்தான்."

அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். பொய் சொல்வானேன், அப்படியே உடம்பு சிலிர்த்தது. அவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்து முடிக்குமுன்னே அந்த எண்ணத்தை விட்டுவிட்டாள்.

முப்பதுகூட ஆகாத வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்த மனுசன். முட்டி போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னார். முட்டிக்கு ஒன்றுமில்லை. "மதிக்காத இடத்துல எதுக்கு ஓடணும்?" என்று அவளிடம் கேட்டார். "வேண்டாம், விட்டுடுங்க" என்று அவளும்தான் சொன்னாள். அவளுடைய அண்ணன் கடையில் வைண்டிங் கற்றுக்கொண்டார். பிறகு எந்த மைதானத்துப் பக்கமும் போனதில்லை, தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினால்கூடச் சைக்கிளை வேறு சந்தில் திருப்புவார். அந்த ஜனங்கள் நன்றிகெட்டவர்கள் என்கிற ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் நிமிர்ந்து நடந்துவிட்டார். இப்போது போய், அவர்கள் உங்களை நம்பித்தான் உட்கார்ந்தார்கள், நீங்களாகத்தான் விட்டுவிட்டு வந்தீர்கள் என்றால் என்ன ஆவார்? போன வருசங்களைத் திருப்பித் தர யாரால் முடியும்?

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "கூப்பிடுங்க. வந்தா கூட்டிட்டுப் போங்க. உக்காந்த கதைய மட்டும் சொல்லிடாதீங்க. அவர் ஆட்டத்த விட்டது முட்டியால இல்ல. நீங்க உக்காந்ததாலதான்."

கண்டக்டரின் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ" என்றார். மறுபடியும், "ஐயோ, நானா?" என்றார். சலூன்காரரே வாயை மூடிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை வலுத்து, கூரைத் தகரத்தில் படபடவென்று விழுந்தது.

அந்த நேரம் பார்த்து வைண்டிங்காரர் வந்து சேர்ந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். வந்தவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டார், தலையைத் துவட்டினார், சிரிக்கவும் இல்லை முறைக்கவும் இல்லை. மாவு மில் மோட்டார் சாயங்காலம் வேண்டும் என்று சொல்லிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சுற்றி வைத்திருந்த கம்பிக்கட்டை எடுத்து, இரண்டு இரண்டு இழையாகப் பள்ளத்துக்குள் நழுவவிட ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் மடித்துக் கொடுத்தாள். வந்தவர்கள் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டேதான் கொடுத்தாள்.

"படிக்கட்டு இடிக்கிறாங்களாமே" என்றார் அவர். "இடிக்கட்டும். சிமெண்ட் எல்லாம் உதிர்ந்துபோச்சு."

"நீங்க வரணும் அண்ணே" என்றார் சலூன்காரர்.

"எனக்கு வேலை இருக்கு. மழைக்காலம் வேற."

"ஒரு மணி நேரம் அண்ணே. முன்னால ஒரு நாற்காலி போட்டு—"

"நாற்காலி எதுக்கு? நீங்கதான் உக்காருற ஆளுங்க. நான் ஓடுற ஆளு" என்றார் வைண்டிங்காரர். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு காலத்துக் கசப்பு இருந்தது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

கண்டக்டரால் தாங்க முடியவில்லை. அவள் கண்ணால் கெஞ்சினாள், தலையை ஆட்டினாள், கத்தரிக்கோலைத் தரையில் டக்கென்று வைத்தாள். ம்ஹூம். நல்ல மனுசன்தான், ஆனால் நெஞ்சில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாத மனுசன்.

"அண்ணே, நாங்க உங்கள நம்பி உக்காந்தோம் அண்ணே! பிடிக்காம இல்ல!" என்று கத்தியே விட்டார். பஸ்ஸில் நின்று கால் கடுத்தது, அப்பாடா என்று உட்கார்ந்தது, மொத்தப் படிக்கட்டும் பழகிக்கொண்டது என்று ஒன்று விடாமல் கொட்டினார். கொட்டும்போதே அழுதார். "நாங்க ஒரு தடவ வந்து சொல்லியிருக்கலாம் அண்ணே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டோம். தெரியாம இருக்கும்னு யாருக்கும் தோணவே இல்லையே!"

வைண்டிங்காரரின் கை நிற்கவில்லை. இரண்டு இழையை இறக்கினார். இன்னும் இரண்டு இழையை இறக்கினார். பிறகு, "குடை விரிச்சது?" என்று கேட்டார்.

"எந்தக் குடை அண்ணே?"

"கடைசி மேட்ச். மழை. நான் பந்தை வாங்கினேன். உக்காந்தது போதாதுன்னு எல்லாரும் குடையை விரிச்சு மூஞ்சிய மறைச்சீங்களே."

"ஓ, அதுவா!" சலூன்காரர் உற்சாகமாகிவிட்டார். "நின்னுட்டு இருக்கிறப்ப குடை விரிச்சா பின்னால இருக்கிறவன் முதுகுல ரெண்டு வைப்பான் அண்ணே. அதனால எவ்வளவு மழைன்னாலும் நனைஞ்சுட்டே நிப்போம். நீங்க பந்தை வாங்கினதும் உக்காந்து குடைய விரிச்சோம். தலையத் துவட்டினோம். கண்டக்டர் குனிஞ்சு பிளாஸ்க்லேர்ந்து டீ ஊத்திட்டு இருந்தாரு. அந்த நேரம் பாத்துத்தான் பாழாப்போன சேறு உங்க கால வாரிடுச்சு. எங்களுக்குச் சத்தம்தான் கேட்டுச்சு. எழுந்து பாத்தா பந்து நம்ம வலைக்குள்ள கிடக்குது."

"சேறு" என்றார் வைண்டிங்காரர்.

"சேறுதான். ஆனா சேறு என்ன பண்ணும், கோல்கீப்பர்னு ஒருத்தன் நின்னானே, ஓட்டைவலை! அவன் பிடிச்சிருக்கலாம்ல? நேரா வந்த பந்தாம். ரெண்டு காலுக்கு நடுவுல விட்டானாம் பாவி. அதோட டீம் கீழ் டிவிஷனுக்குப் போச்சு, திரும்ப மேல வரவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் நாங்க அவனத் திட்டாத நாளில்ல அண்ணே."

"அவனத் திட்டாதீங்க."

"திட்டாம? அன்னைக்கு அவன் வீட்டு மேல கல்லு விட்டோமே!"

"அவனத் திட்டாதீங்கன்னு சொல்றேன்ல!"

கம்பிக்கட்டு அவர் கையிலிருந்து விழுந்து கலைந்துவிட்டது. சுற்றிய வேலை எல்லாம் வீண். அவள் அதைப் பொறுக்கப் போகவில்லை. இந்த மனுசன் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை.

"சேறு இல்ல" என்றார் அவர். "வழுக்கல. பந்து என் கால்லதான் இருந்துச்சு. அந்த எதிராளி மெதுவாத்தான் வந்தான், சின்னப் பையன், பயந்துட்டு வந்தான். திருப்பி விட்டிருந்தா போதும். மேல பாத்தேன். படிக்கட்டு முழுக்கக் கறுப்புக் குடை. ஒரு மூஞ்சி தெரியல. சீ, இவனுங்களுக்காகவா இத்தனை வருசம் ஓடினோம்னு இருந்துச்சு. காலை எடுத்துட்டேன். இந்தா, எடுத்துக்கோன்னு விட்டேன். அவன் தனியா ஓடினான். அப்படி ஒருத்தன் தனியா வந்தா எந்தக் கோல்கீப்பர்தான் என்ன பண்ணுவான்? அவன் என்னையே பாத்துட்டு நின்னான். பந்தைக்கூடப் பாக்கல, என்னப் பாத்தான். அவனுக்குத் தெரியும். கடைசி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் எந்த டீமும் அவனச் சேக்கல. சந்தையில மூட்டை தூக்கிட்டு இருந்தான், நான் பாத்திருக்கேன். போய்ப் பேசல. போன வருசம் செத்துட்டான்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு காலம் ஒரே பாயில் படுத்து, ஒரே சோற்றைத் தின்று, இதை எங்கே வைத்திருந்தார் இந்த மனுசன்! வந்தவர்கள் இனி எழுந்து நாலு வார்த்தை கேட்பார்கள், காறித் துப்பினாலும் துப்புவார்கள் என்று நினைத்தாள். துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தாள்.

கண்டக்டர் எழுந்தார். வைண்டிங்காரர் பக்கத்தில் வந்து, வார்னிஷ் பிசுபிசுக்கிற அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தியாடா?" என்றார் சலூன்காரரிடம். "செத்துப்போனவன் பழிய தன் தலையில இழுத்துப் போட்டுக்கிறாரு. இப்படி ஒரு மனுசன எங்கயாவது பாத்திருக்கியா?"

"அதான் அண்ணே பூட்டு!" என்றார் சலூன்காரர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அன்னைக்கும் எவன் தப்பு பண்ணினாலும் பின்னால போய் அடைப்பாரு. இன்னைக்கும் அடைக்கிறாரு பாருங்க."

"நான் நிஜமாத்தான் சொல்றேன்!" என்றார் வைண்டிங்காரர்.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

"யோவ், நான் விட்டேன்யா! வேணும்னே விட்டேன்!"

"சரி அண்ணே, சரி" என்றார் கண்டக்டர், அடம்பிடிக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி. "உங்க மனசு அப்படி. எங்க மனசு இப்படி. நாங்க உங்களத் தப்பா நெனைக்கணும்னா இன்னொரு பொறவிதான் எடுக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அண்ணி, டீ ரொம்ப நல்லா இருந்துச்சு."

போய்விட்டார்கள். போகிற வழியெல்லாம் சலூன்காரர் பேசிக்கொண்டே போவது கேட்டது. இன்று சாயங்காலத்துக்குள் சலூனுக்கு வருகிற ஒவ்வொரு தலைக்கும் இந்தக் கதை போய்விடும். பூட்டு எப்பேர்ப்பட்ட மனுசன் தெரியுமா, எவனோ விட்ட கோலுக்குத் தான் பொறுப்பு என்கிறார் என்று சொல்லிச் சொல்லி வெட்டுவார்.

வைண்டிங்காரர் கலைந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர்கள் திட்டியிருந்தால்கூட இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பாவி மனுசர்கள், அன்பை அள்ளிப் போட்டு மூச்சடைக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"நீயாவது நம்புறியா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் துடித்தது. நீங்களாவது, வேண்டுமென்று விடுவதாவது, சேற்றில் வழுக்கியிருக்கும், இத்தனை வருசத்தில் குழம்பிப்போயிருக்கிறீர்கள் என்று சொல்லி ஒரு வாய் சோறு போட்டுவிடலாம். எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் செய்வாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படிச் சொல்லிவிட்டால் இந்த மனுசனுக்கு உலகத்தில் ஒரு ஆள்கூட மிச்சமில்லை.

"நம்புறேன்" என்றாள். "நீங்க வேணும்னேதான் விட்டீங்க."

அவர் தலையை ஆட்டினார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. யாருக்காக வருகிறது என்று தெரியவில்லை. இவருக்காகவா, டீ ஊற்றிக்கொண்டிருந்த அந்தக் கிழவருக்காகவா, அவள் பார்த்தே இராத அந்தக் கோல்கீப்பருக்காகவா? மூன்று பேருக்கும்தான் இருக்கும். விடுங்கள் என்று அன்றைக்குச் சொன்ன தனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டாள்.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"பொண்டாட்டி இருக்கா. சந்தைக்குப் பின்னால லைன் வீட்டுல."

"வீடு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நிறைய தடவ அந்தப் பக்கம் போயிட்டுத் திரும்பிட்டேன்."

அவள் எழுந்தாள். கத்தரிக்கோலையும் பேப்பரையும் ஓரமாக ஒதுக்கினாள். அவருடைய உலர்ந்த சட்டையைக் கொடியிலிருந்து உருவி அவர் மடியில் போட்டாள்.

"போட்டுக்குங்க. இப்பவே போலாம்."

"மாவு மில்லுக்காரன் வருவானே."

"வந்தா வந்துட்டுப் போறான்."

அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தார். "இவங்க மாதிரியே அந்தம்மாவும் நம்பலன்னா?"

"நம்புவாங்க. வீட்டு மேல கல்லு விழுந்தது அவங்களுக்குத்தானே. அவங்க கண்டிப்பா நம்புவாங்க."

எழுந்து சட்டையில் ஒரு கையை நுழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இவ்வளவு நேரம் நம்பச் சொல்லிக் கத்திய மனுசனுக்கு இப்போது அதுவே பயமாகிவிட்டது.

"நம்பிட்டா?" என்றார்.

"அதுக்குத்தாங்க போறோம்" என்றாள் அவள், அடுத்த கைக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டு.